வாசலில் செருப்பு இல்லை

எங்கள் பள்ளிக்கூடத்து நூலகத்துக்குள் செருப்போடு போகக் கூடாது. இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் கணக்கு வாத்தியாராக வந்து சேர்ந்தபோதே அது இருந்தது. கடல் ஊர் என்பதால் மணல் உள்ளே வரும், சிவப்புத் தரை சொரசொரத்துப் போகும் என்று காரணம் சொன்னார்கள். காரணம் எப்படியோ போகட்டும். அந்த நூலக வாசல்படி எனக்கு ரொம்பப் பிடித்த இடமாகிவிட்டது.

ஏனென்றால் படியில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே உள்ளே இருப்பது யார் என்று நான் சொல்லிவிடுவேன். பச்சை வார் வைத்த தடித்த ரப்பர் செருப்பு ஒன்பதாம் வகுப்பு ஆரிபாவுடையது, அவள் அத்தா துபாயிலிருந்து கொடுத்தனுப்பியது. வார் அறுந்து ஊக்கு குத்தியிருப்பது தலத்தெருவிலிருந்து வரும் மருதையனுடையது. வீட்டுப்பாடம் செய்யாமல் அங்கே போய் ஒளிகிற பயல்களை உள்ளே போகாமலேயே பிடித்திருக்கிறேன். “லத்தீப் சாருக்கு மோப்பம் தெரியும்டா” என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் பெருமைதான், ஏன் இல்லையென்று சொல்ல வேண்டும்?

நான் மட்டுமல்ல, தலைமையாசிரியர் இளையபெருமாள் தன் அறை ஜன்னல் வழியாகப் படியைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கி லைப்ரரி நல்லா ஓடுது” என்பார். பியூன் அம்பலவாணன் சாயங்காலம் படி காலியான பிறகுதான் கேட்டை இழுத்து மூடுவார். மொத்தப் பள்ளிக்கூடமும் அந்தப் படியை நம்பியது.

நம்பாத ஆள் ஒருவர்தான். நூலகர் சௌந்தரவல்லி.

நூலகரை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துப் பார்த்து, நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டோம். அதிகம் பேசமாட்டார். ஆசிரியர் அறையில் வம்பு நடந்தால் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். அது ஒன்றே அவர்மேல் எனக்கு எரிச்சல் வரப் போதுமானதாக இருந்தது. போதாக்குறைக்குச் சில விசித்திரப் பழக்கங்கள். நூலகத்துக்குள் நுழைந்ததும் ஒரு சாக்கை மடித்துப் போட்டிருப்பார். தினமும் அதை உதறி, வெயிலில் காயவைத்து, மறுபடி போடுவார். செருப்பைத்தான் வெளியே கழற்றியாயிற்றே, அப்புறம் உள்ளே எதற்குச் சாக்கு? கேட்டால், “கிடக்கட்டும் சார்” என்பார்.

இன்னொன்று, பூட்டுகிற நேரம். படியில் ஒரு செருப்பும் இருக்காது. அம்பலவாணன் கேட் அருகே சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நிற்பார். இந்த அம்மாள் மட்டும் உள்ளே ஒவ்வொரு மேசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு அலமாரிக்குப் பின்னாலும் போய் எட்டிப் பார்ப்பார். சில நாள் உள்ளே தணிந்த குரலில் ஏதோ பேசுவது வெளியே கேட்கும். தனியாக இருந்து இருந்து தனக்குத்தானே பேசிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு தடவை வாயை அடக்க முடியாமல் கேட்டேன். “என்ன டீச்சர், தினம் குனிஞ்சு குனிஞ்சு பேய் புடிக்கிறீங்களா?”

“இடுப்புக்கு நல்லது சார்” என்றார். சிரிக்கக்கூட இல்லை.

ஆசிரியர் அறையில் அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

எழுபத்தெட்டாம் வருஷம் கார்த்திகை மாதம். அதற்கு முந்தின வருஷப் புயலில் எங்கள் ஊர் பட்டபாடு யாருக்கும் மறந்திருக்கவில்லை. காற்று கொஞ்சம் உரக்க வீசினாலே பெண்கள் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்க்கிற காலம் அது. அன்றைக்குக் காலையிலிருந்தே வானம் சாம்பல் பூசிக் கிடந்தது. ரேடியோவில் மறுபடி புயல் என்றார்கள். மதியத்துக்கு முன்பே, மேரி என்று நாங்கள் இன்னும் பழைய பிரெஞ்சு வழக்கத்தில் சொல்லும் நகராட்சியிலிருந்து ஆள் வந்து, பள்ளிக்கூடத்தை உடனே விடச் சொன்னார். கடலோரத்து ஜனங்களைப் பெரிய கட்டடத்தில் தங்கவைக்கப் போகிறார்கள், அறைகளை ஒழித்துக் கொடுங்கள் என்றார்.

சௌந்தரவல்லி அன்று பள்ளியில் இல்லை. புதிதாக வந்த புத்தகக் கட்டை வாங்க, கல்வி அலுவலகத்துக்குப் போயிருந்தார். சாவியை அம்பலவாணனிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நூலகத்தில் இருந்தார்கள். மணியை விடாமல் அடித்ததும் அத்தனையும் குதித்து ஓடின. நான் எதிர்த் தாழ்வாரத்தில் நின்று பிள்ளைகளைத் தெருத் தெருவாகப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அம்பலவாணன் நூலகப் படிக்கு வந்ததைப் பார்த்தேன். படியைப் பார்த்தார். காலியாக இருந்தது. “யாராச்சும் இருக்கீங்களா?” என்று உள்ளே பார்த்து ஒரு சத்தம் போட்டார். காற்றுதான் பதில் சொன்னது. கதவை இழுத்துப் பூட்டினார். பொறுப்பான மனிதர், பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

பிற்பகலில் கடலோரக் குப்பமான கருக்களாச்சேரியிலிருந்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். மூட்டை, அரிக்கன் விளக்கு, கோழி, கைக்குழந்தை என்று வகுப்பறைகள் நிரம்பின. மழை சாய்ந்து அடித்தது. நாங்கள் சில ஆசிரியர்கள் வீட்டுக்குப் போகாமல் தங்கியிருந்தோம். கஞ்சி காய்ச்ச அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பெண் அறை அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மீன் விற்க எங்கள் தெருவுக்கு வருகிற அஞ்சுகம்தான். புடவை உடம்போடு ஒட்டியிருந்தது.

“சார், எம்மவ அமுதத்தப் பாத்தீங்களா? ஏழாப்பு படிக்குதுங்க. எல்லாப் புள்ளையும் வந்துட்டுங்க, அது மட்டும் வரலீங்க.”

கூட வந்த பிள்ளைகளை விசாரித்தோம். அவள் முன்னால் ஓடிவிட்டாள் என்று இவர்கள் நினைத்திருக்கிறார்கள், பின்னால் வருகிறாள் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.  கருக்களாச்சேரிக்குப் போகிற குறுக்குப் பாதையில் ஒரு வாய்க்கால் உண்டு. தண்ணீர் ஏறினால் மரப்பாலம் முழுகிவிடும்.

வயிற்றில் பயம் வந்தால் எனக்கு வாயில் கோபமாகத்தான் வரும். “ரேடியோவுல அவ்வளவு சொல்றான், இந்த நாள்ல புள்ளைய ஏம்மா அனுப்புனே?” என்று கத்தினேன்.

“பள்ளிக்கூடத்துல இருந்தா பத்திரமா இருக்கும்னு நெனச்சேங்க” என்றாள் அவள்.

நாலைந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் பக்கம் ஓடினேன். பாலம் தெரியவில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு கடலைப் பார்த்துப் போனது. ஆட்கள் கழியை விட்டுத் துழாவினார்கள். ஒருவன் அந்தத் தண்ணீரில் இறங்கப் பார்த்தான், பிடித்து இழுத்தோம். கரை நெடுகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. யா அல்லா, இந்தத் தாயிடம் போய் நான் என்ன சொல்வேன் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

திரும்பி வந்தபோது அஞ்சுகம் கேட் அருகிலேயே நின்றிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, தூரத்தில் காற்றில் ஓடுகள் படபடத்துக்கொண்டிருந்த நூலகத்தைக் காட்டி, “அங்க பாத்தாச்சுங்களா?” என்றாள். பிரெஞ்சுக்காரன் காலத்து ஓட்டுக் கட்டடம் அது. எல்லாவற்றுக்கும் கடைசியில் தனியாக நிற்கும்.

“அங்க யாரும் இல்லம்மா” என்றேன். “வாசல்ல ஒரு செருப்புகூட இல்ல.”

பக்கத்தில் அம்பலவாணன் ஆமாம் என்று தலையாட்டினார். “நானே பாத்துட்டுத்தான் பூட்டுனேன். ஒரு செருப்பு கெடயாது.”

செருப்புக்கும் தன் மகளுக்கும் என்ன சம்பந்தம் என்று அஞ்சுகத்துக்குப் புரிந்திருக்காது. ஆனால் சொல்வது வாத்தியார். சரிங்க என்று தலையசைத்துவிட்டு மறுபடி பாதையைப் பார்த்து நின்றுகொண்டாள்.

அப்போதுதான் பின்பக்கம் பெரிய சத்தம் கேட்டது. நூலகக் கூரையின் முன்பகுதி, உத்திரத்தோடு உள்ளே இறங்கிவிட்டது. கஞ்சி அடுப்பருகில் இருந்த பெண்கள் அலறினார்கள். “நல்லவேள, உள்ள யாரும் இல்ல” என்றார் தலைமையாசிரியர். எனக்கும் அதுதான் தோன்றியது.

அந்தச் சமயத்தில் கேட்டைத் தள்ளிக்கொண்டு சௌந்தரவல்லி வந்தார். குடை எங்கேயோ பறந்துவிட்டிருந்தது. பிளாஸ்டிக் தாளில் சுற்றிய புத்தகக் கட்டு இடுப்பில் இருந்தது. வீடு தலத்தெருவில், இந்த மழையில் நேரே வீட்டுக்குப் போகாமல் இங்கே எதற்கு வந்தார் என்று நான் நினைத்து முடிப்பதற்குள், “அம்பலவாணன், ஒவ்வொரு மேசையா குனிஞ்சு பாத்துட்டுத்தான பூட்டுனீங்க?” என்று கேட்டார். முதல் வார்த்தையே அதுதான். அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

“நல்லா பாத்தேம்மா. படி காலியா இருந்துச்சு.”

“படியக் கேக்கல. மேசைக்கு அடியில?”

 நான் குறுக்கே புகுந்தேன். “டீச்சர், இங்க ஒரு புள்ளையக் காணோம்னு தவிச்சுக்கிட்டு இருக்கோம். கருக்களாச்சேரி அமுதம். இப்ப போய் உங்க லைப்ரரிய...”

“அமுதமா?” என்றவர் கையிலிருந்து கட்டு நழுவிச் சேற்றில் விழுந்தது. எவ்வளவு சின்னக் கிழிசலுக்கும் பசை தடவி ஒட்டுகிற அந்த அம்மாள் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“லைப்ரரியில யாரும் இல்ல டீச்சர். வாசல்ல செருப்பு இல்ல, நான் என் கண்ணால...”

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கோபம் என்றால் பரவாயில்லை. நான் சொன்னதை அவரால் நம்ப முடியவில்லை.

“அந்தப் புள்ளைக்கு ஏது சார் செருப்பு?”

 என்னை அறியாமல் என் கண் கீழே போனது. எதிரில் நின்ற அஞ்சுகத்தின் கால். வெறும் கால், சேறு. பக்கத்தில் கழி பிடித்து நின்ற ஆட்களின் கால்கள், வெறும் கால். தாழ்வாரம் முழுக்கக் குந்தியிருந்த ஜனங்கள், குழந்தைகள், அத்தனை பேரும் வெறும் கால். அத்தனை கால்களுக்கு நடுவில் செருப்புப் போட்டிருந்தது நாங்கள் ஆசிரியர்கள் மட்டும்தான். இந்தப் பிள்ளைகளுக்குத்தான் தினமும் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பலகைக்கு எழுந்து வருவார்கள், என் பக்கத்தில் நிற்பார்கள், பிரம்படி வாங்கிக்கொண்டு திரும்பிப் போவார்கள். காலில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியவே தெரியாது. செருப்பைப் பார்த்துப் பெயர் சொல்கிற எனக்கு, செருப்பே இல்லாத பிள்ளை என்று ஒன்று இருப்பது ஒருநாள்கூட உறைக்கவில்லை. உள்ளே மடித்துப் போட்ட சாக்கு யாருடைய கால் துடைக்க என்பது அப்போதுதான் புரிந்தது. 

அஞ்சுகம் எங்களுக்கு முன்னால் ஓடத் தொடங்கியிருந்தாள்.

அம்பலவாணன் கொத்தில் சாவியைத் தேடிக்கொண்டு நின்றார். நான் பிடுங்கித் திறந்தேன். கதவு உள்பக்கம் போகவில்லை. விழுந்த உத்திரமும் ஓடும் அங்கேதான் குவிந்து கதவை அடைத்துக்கொண்டிருந்தன. தோளைக் கொடுத்து எல்லோரும் தள்ளினோம். ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவு வழி கிடைத்தது. சௌந்தரவல்லி முதலில் புகுந்தார், பின்னால் நான்.

உள்ளேயும் மழை பெய்துகொண்டிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஓடும் மரமும். உள்ளே மாட்டிக்கொண்ட பிள்ளை எங்கே நின்று கதவைத் தட்டியிருக்கும்? இங்கேதான். எனக்கு இதைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை. அந்தக் குவியலைக் கையால் பறிக்க ஆரம்பித்தேன். ஓடு கிழித்து விரலில் ரத்தம் வந்தது. அடியில் எது தட்டுப்படுமோ என்று பயந்து பயந்து பறித்தேன். என் வாய் அது பாட்டுக்கு ஓதிக்கொண்டிருந்தது.

சௌந்தரவல்லி அந்தக் குவியலைத் திரும்பிப் பார்க்கவில்லை. சரிந்து கிடந்த அலமாரியைச் சுற்றிக்கொண்டு, ஜன்னல் ஓரத்துக் கடைசி மேசைக்குப் போனார். புடவையைச் செருகிக்கொண்டு, எல்லா நாளும் குனிவதைப்போலவே குனிந்தார்.

“மணியாயிட்டு, எந்திரிடி கண்ணு. வீட்டுக்குப் போவலாம்.”

தினமும் பூட்டுகிற நேரத்தில் வெளியே எனக்குக் கேட்ட குரல் அதுதான். அதே தணிவு, அதே சாதாரணம். இவ்வளவு நாளும் அவர் தனக்குத்தானே பேசிக்கொள்ளவில்லை.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கை வந்து அவர் முந்தானையைப் பிடித்தது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அமுதத்துக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். குளிரில் பல் தந்தியடித்தது. புயல் என்றதும் விடியலுக்கு முன்பிருந்தே அவர்கள் வீட்டில் வலைகளை மேட்டுக்குச் சுமந்திருக்கிறார்கள், இவளும் சுமந்திருக்கிறாள். நூலகத்துக்கு வந்ததும் மேசைக்கு அடியில் புத்தகத்தோடு சுருண்டவள் மணிச்சத்தத்திலும் எழுந்திருக்கவில்லை. அது அவள் வழக்கமான இடமாம்.

“முழிச்சதும் கதவத் தட்டலியாடி?” என்று கேட்டேன். அதுவும் அதட்டலாகத்தான் வந்தது.

“ரொம்ப நேரம் தட்டுனேன் சார். கத்துனேன். யாருக்கும் கேக்கல. அப்பறம் இங்கயே வந்து படுத்துக்கிட்டேன். வெளக்கு வைக்கிறதுக்குள்ள லைப்ரரி டீச்சர் எப்புடியும் வந்து குனிஞ்சு பாப்பாங்கள்ல?”

இதைப் பெரிய விஷயமாக அவள் சொல்லவில்லை. சாயங்காலம் ஆனால் இருட்டும் என்பதுபோலச் சொன்னாள். அந்த நம்பிக்கையில் அவள் கதவை விட்டு நகர்ந்து வந்த பிறகுதான், கதவருகே கூரை விழுந்திருக்கிறது.

 சௌந்தரவல்லி அவள் கையைப் பிடித்திருந்த விதத்தில் யாருக்கு யார் ஆதரவு என்று தெரியவில்லை. மெல்ல அவளைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். நான் கதவு இடுக்கு வழியாக வெளியே நீட்டினேன். அஞ்சுகத்தின் கை வந்து வாங்கிக்கொண்டது. அந்தத் தாய் எழுப்பிய சத்தத்தில் தாழ்வாரத்து ஜனம் முழுவதும் எழுந்து ஓடிவந்தது.

மேலே உத்திரம் முனகியது. மிச்சக் கூரையும் எந்த நேரமும் வரும். “டீச்சர், சீக்கிரம் வாங்க” என்று திரும்பினேன்.

அவர் அடுத்த மேசைக்கு அடியில் குனிந்துகொண்டிருந்தார்.

“அதான் புள்ள கிடைச்சிட்டுல்ல! என்ன பண்றீங்க? தலைமேல விழப்போவுது, வெளிய வாங்க!” என்று கத்தினேன்.

“அமுதத்தத் தேடிக்கிட்டு அவ அம்மா வந்தாங்க சார்” என்றார், குனிந்த நிலையிலேயே. “தேடி வர ஆளில்லாத புள்ள ஒண்ணு இருந்தா?”

வெளியே எல்லோரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இந்தப் பக்கத்து மேசையிலிருந்து ஆரம்பித்தேன். ஈரத் தரையில் முழங்காலை ஊன்றி, தலையைத் தாழ்த்தி, இருட்டு கண்ணுக்குப் பழகுகிறவரை பொறுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். அலமாரிகளுக்குப் பின்னாலும் பார்த்தேன். நடு மேசையில் நானும் அவரும் எதிரெதிரே குனிந்தபோது, “இங்க யாரும் இல்ல டீச்சர்” என்றேன்.

“கையை விட்டுப் பாத்தீங்களா?”

விட்டுப் பார்த்தேன். யாரும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவர் வெளியே வந்தார். படியில் இறங்கும்போது பார்த்தேன், நாங்கள் உள்ளே புகுந்த அவசரத்தில் எப்போது கழற்றினோம் என்றே தெரியவில்லை, என் செருப்பும் அவர் செருப்பும் மழையில் அங்கே கிடந்தன.